சுற்றிய வண்டியும் சுதாரித்த நாங்களும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பாகப் பேசியது)



போன வருடம் இதே இடத்தில் நின்று, கடன் வாங்கிக் காய்கறி வண்டி எடுத்த கதையைச் சொன்னோம். எல்லோரும் கை தட்டினீர்கள். இந்த வருடம் அந்த வண்டி நடுரோட்டில் சுற்றிய கதையைச் சொல்ல வந்திருக்கிறோம். இதற்குக் கை தட்ட வேண்டாம், காது கொடுத்தால் போதும். ஏனென்றால் இன்றைக்கு நம் குழுக்களில் ஆட்டோ, வேன், சின்ன லோடு வண்டி ஓட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். ஓட்டாதவர்களும் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் அந்த வண்டிகளில்தான் போய் வருகிறோம்.

அன்று நடந்தது

எங்கள் குழுவில் 12 பேர். வண்டியை ஓட்டுவது எங்களில் சின்னவள். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவோம். முறையாகப் பழகி லைசென்ஸ் எடுத்தவள். விடியற்காலை காய் ஏற்றி உழவர் சந்தைக்குப் போவோம். பத்து மணிக்குள் விற்றுவிட்டுக் காலி வண்டியில் திரும்புவோம்.

ஐப்பசி தொடக்கம். பல நாள் வெயிலுக்குப் பிறகு அன்றுதான் தூறல் விழுந்தது. பெரிய மழைகூட இல்லை. ரோடு கறுத்துப் பளபளவென்று இருந்தது. வண்டியில் நாலு பேர். ஏரிக்கரையில் ரோடு இடது பக்கம் வளையும் இடம் உங்களில் பலருக்குத் தெரியும். வலது பக்கம் ஏரி. வளைவு முடிந்ததும் மேடு. மேடு ஏறுவதற்காகத் தங்கச்சி வளைவிலேயே ஆக்சிலேட்டரை அழுத்தினாள். அவ்வளவுதான். வண்டியின் பின்பக்கம் வலது பக்கமாக, ஏரியைப் பார்த்து நகர்ந்தது. அவள் பயந்து பிரேக்கை ஓங்கி மிதித்தாள். ஏரியைவிட்டு விலகவேண்டுமென்று ஸ்டியரிங்கை இடது பக்கம் வெட்டித் திருப்பினாள். வண்டி பம்பரம் மாதிரி சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்துக்கும் கரை விளிம்புக்கும் இடையில் ஒரு முழம்.

ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. எதிரில் வண்டி வரவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை. காலி கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதோம்.

ஊர் வாய்

நாங்கள் வீடு வந்து சேரும் முன்னே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. "பொம்பளைங்களுக்கு எதுக்கு வண்டி?" என்று டீக்கடையில் பேச்சு. தங்கச்சியின் மாமியார் சாவியை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு.

அன்று இரவே குழுக் கூட்டம் போட்டோம். வண்டியை விற்றுவிடலாம் என்றார்கள் சிலர். விற்றால் வாங்கிய விலை வராது, கடன் மட்டும் நிற்கும். ஆண் டிரைவர் போடலாம் என்றார்கள் சிலர். அவருக்குச் சம்பளம் கொடுத்தால் தவணை கட்ட மிச்சம் இருக்காது. தங்கச்சியோ, "இனிமே நான் ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்" என்று தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது எங்களில் மூத்த அக்கா ஒரு கேள்வி கேட்டார்: "வண்டி ஏன் சுத்துச்சுன்னு இங்க யாருக்காவது தெரியுமா?" பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. "மழை" என்றோம். "மழையில எல்லா வண்டியும்தானே போகுது?" என்றார். பதில் இல்லை. காரணம் தெரியாமல் வண்டியை விற்பதும் தப்பு, காரணம் தெரியாமல் மறுபடி ஓட்டுவதும் தப்பு. முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்வது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

வண்டி ஏன் சுற்றுகிறது?

பக்கத்து ஊரில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் மழையிலும் பனியிலும் பஸ் ஓட்டியவர். அவரிடம் போனோம். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் திட்டவில்லை. ஒரு தள்ளுவண்டியைக் காட்டினார்.

"மாட்டு வண்டியில மாடு முன்னால நின்னு இழுக்குது. முன்னால இழுத்தா பின்பக்கம் தானா பின்னாடியே வரும். தள்ளுவண்டியை நாம பின்னால இருந்து தள்றோம். சேத்துல வேகமாத் தள்ளினா என்ன ஆகும்? பின்பக்கம் ஒரு பக்கமா விலகி வண்டி திரும்பிக்கும். உங்க வேன் தள்ளுவண்டி ஜாதி. என்ஜின் பின் சக்கரத்தைத்தான் சுத்துது" என்றார்.

இது எங்களுக்குப் புதுச் செய்தி. இன்றைக்கு ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன் சக்கரம் இழுக்கிறது. ஆனால் பழைய அம்பாசடர், 2019-ல் உற்பத்தி நின்றுபோன ஆம்னி வேன், டாடா ஏஸ், பொலிரோ, நம் ஆட்டோ எல்லாம் பின் சக்கரம் தள்ளுகிற வண்டிகள். இவை கெட்ட வண்டிகள் இல்லை. லோடு ஏற்றும்போது எடை பின் சக்கரத்தின் மேல் விழுவதால் தள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு கூடும். அதனால்தான் லோடு வண்டிகளை அப்படிச் செய்கிறார்கள்.

இதில்தான் நாங்கள் ஏமாந்தோம். லோடு இருக்கும்போது பயந்து மெதுவாகப் போவோம். காலி வண்டியில் நிம்மதியாக வேகமாக வருவோம். உண்மை என்னவென்றால், காலியாக இருக்கும்போது பின் சக்கரத்தின் மேல் எடை குறைவு. பிடிப்பும் குறைவு. ஈர ரோட்டில் வால் ஆடுவது காலி வண்டிக்குத்தான் சுலபம்.

ஐயா இன்னொன்றும் சொன்னார். டயரின் பிடிப்பு என்பது நம் கையில் இருக்கும் வாரக்கூலி மாதிரி. ஒரு அளவுதான் உண்டு. வளைவில் வண்டியை வெளியே போகவிடாமல் பிடிப்பதற்கு அதில் ஒரு பங்கு செலவாகும். அதே நேரத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் தள்ளுவதற்கு ஒரு பங்கு. பிரேக் போட்டால் நிறுத்துவதற்கு ஒரு பங்கு. ஈர ரோட்டில் கூலியே குறைவு. இரண்டு செலவை ஒன்றாகச் செய்தால் கை காலியாகிவிடும். பின் சக்கரத்தின் கை காலியானால் வால் நழுவும்.

முதல் தூறல் ஏன் மோசம் என்பதும் அன்றுதான் புரிந்தது. வெயில் காலம் முழுவதும் ரோட்டில் படிந்த எண்ணெய், டயர் தூள், புழுதி எல்லாம் கொஞ்சம் தண்ணீரோடு சேர்ந்து குழம்பாகிவிடும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். தூறலில் அப்படியே நிற்கும்.

நெல் களத்தில் பாடம்

காரணம் தெரிந்தாயிற்று. ஆனால் ஐயா, "தெரிஞ்சா போதாது. கால் கேக்கணுமே. பயம் வந்தா கால் தானா பிரேக்குக்குத்தான் போகும். காலுக்குச் சொல்லிக் கொடுக்கணும்" என்றார். நீச்சலைக் கரையில் உட்கார்ந்து படிக்க முடியாதல்லவா?

ஓடாமல் கிடக்கும் ஒரு பழைய ரைஸ் மில்லில் நெல் காயப்போடும் பெரிய சிமெண்டுக் களம் இருக்கிறது. உரிமையாளரிடம் அனுமதி வாங்கினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் போட்டுக் களத்தை நனைத்தோம். ஐயா கண்டிப்பாக விதி போட்டார். பிள்ளைகள், வேடிக்கை பார்ப்பவர்கள் எல்லாரும் வெளிக் கேட்டுக்கு அப்பால். வண்டியில் ஓட்டுபவரும் அவரும் மட்டும். இருவருக்கும் சீட் பெல்ட். உள்ளே ஒரு கூடைகூட இருக்கக் கூடாது. சுவரிலிருந்து தள்ளி நடுக்களத்தில்தான் பாடம். மணிக்கு 15, 20 கிலோமீட்டருக்கு மேல் முள் போகக் கூடாது. உயரமான வேன் காய்ந்த தரையில் பக்கவாட்டில் நழுவினால் கவிழ்ந்துவிடும் என்பதால், தரை காயக் காயப் பாடத்தை நிறுத்தித் தண்ணீர் விட்டோம்.

முதல் பாடம் வண்டியில் இல்லை. செருப்பைக் கழற்றி ஈரக் களத்தில் நடக்கச் சொன்னார். எங்கே வழுக்குகிறது, எங்கே பிடிக்கிறது என்று கால் சொன்னது.

இரண்டாவது பாடம் பிரேக். நேராகப் போய் ஓங்கி மிதிக்கச் சொன்னார். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை! ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேராகவே சறுக்கியது. உருளாத சக்கரம் திரும்பாது. பிரேக்கைக் கொஞ்சம் விட்டதும் சக்கரம் உருண்டது, ஸ்டியரிங் பேச்சைக் கேட்டது. புதுக் கார்களில் இந்த வேலையை ஏபிஎஸ் என்ற கருவியே செய்கிறது. எங்கள் பழைய வேனில் அது கிடையாது. எங்கள் கால்தான் ஏபிஎஸ்.

மூன்றாவது பாடம்தான் நாங்கள் பயந்த பாடம். வண்டியை வேண்டுமென்றே சுற்ற வைப்பது. எங்கள் வண்டியின் என்ஜின் சிறியது. அந்த வேகத்தில் ஆக்சிலேட்டர் மட்டும் போதவில்லை. அதனால் வட்டமாகத் திரும்பும்போது கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி, ஐயா ஹேண்ட் பிரேக்கைச் சடாரென்று இழுத்துவிட்டார். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின் சக்கரம் நின்றதும் வால் வீசியது. வண்டி முழுதாகச் சுற்றி நின்றது. தங்கச்சி கத்தினாள். வெளியே நின்ற நாங்களும் கத்தினோம். ஐயா மட்டும், "ம், மறுபடி" என்றார்.

நாலாவது தடவை அவள் கத்தவில்லை. அதற்குப் பிறகுதான் மீட்பதைச் சொல்லிக் கொடுத்தார். சொல்வதற்குச் சின்னது:

வால் நழுவினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு. பிரேக்கைத் தொடாதே.

கண் சுவரைப் பார்க்கக் கூடாது. போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகும் வழியில்தான் கை போகும்.

வால் எந்தப் பக்கம் போகிறதோ, ஸ்டியரிங்கையும் அதே பக்கம் திருப்பு. வால் வலது பக்கம் போனால் ஸ்டியரிங்கும் வலது பக்கம்.

வால் திரும்பி வரத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை உடனே நேராக்கு. பிந்தினால் வால் மறுபக்கம் இன்னும் வேகமாக வீசும்.

பிடிக்க முடியாமல் சுற்றியே விட்டதா? கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுதாக மிதித்து, நிற்கும் வரை அப்படியே இரு.

இதில் மூன்றாவதைப் பாருங்கள். ஏரிக்கரையில் வால் வலது பக்கம் ஏரியை நோக்கிப் போனபோது, தங்கச்சி ஸ்டியரிங்கையும் வலது பக்கம், ஏரியைப் பார்த்துத் திருப்பியிருக்க வேண்டும்! எந்த மனசு அதற்குத் துணியும்? பழகாத மனசு துணியாது. அதனால்தான் பழக வேண்டும் என்கிறோம். அன்று அவள் செய்தது அலட்சியம் இல்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதது. இதைக் களத்தில் வைத்து ஐயா சொன்னபோதுதான் அவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. லண்டனில் சிஸ்விக் என்ற இடத்தில் பஸ் ஓட்டுநர்களுக்கென்றே வழுக்குத் தளம் ஒன்று இருந்தது. ஈரத் தளத்தில் பெரிய பஸ்ஸை வழுக்கவிட்டு மீட்கப் பழக்கினார்கள். 1974-ல் லண்டன் பஸ்ஸை ஓட்டிய முதல் பெண்ணான ஜில் வைனர் பயிற்சி பெற்றதும் சிஸ்விக்கில்தான். நம் தமிழ்நாட்டில் 1993-ல் வசந்தகுமாரி அக்கா அரசு பஸ் ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தார். பெண்ணுக்கு எதற்கு வண்டி என்ற கேள்விக்கு அப்போதே பதில் எழுதியாகிவிட்டது.

நோட்டில் எழுதிய விதிகள்

இரண்டாவது ஞாயிறு மாலை ஐயா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "வழுக்கினா மீட்கத் தெரியும்கிற தைரியத்துல வேகமாப் போனீங்கன்னா, நான் சொல்லிக் கொடுத்ததே பாவம். ரோட்டுல களம் மாதிரி இடம் கிடையாது. எதிர்ல பஸ் வரும். மீட்கிறது கடைசி மருந்து. வழுக்காம ஓட்டுறதுதான் சாப்பாடு."

அதனால் தீர்மான நோட்டில் இவற்றை எழுதினோம். எங்கள் வண்டியில் யார் ஏறினாலும் இது பொருந்தும்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு நிற்க ஆகும் தூரம் சுமார் நாலு மடங்கு. ஈரத்தில் இன்னும் கூடும். மழை நாளில் விடியற்காலை அரை மணி முன்னதாகவே கிளம்புவோம்.

வளைவுக்கு முன்பே, நேர் ரோட்டில் வேகத்தைக் குறைப்போம். வளைவுக்குள் பிரேக்கும் இல்லை, ஆக்சிலேட்டர் அழுத்தமும் இல்லை. வண்டி நேரான பிறகுதான் அழுத்துவோம். இறக்கத்தில் கியரைக் குறைத்துக் கிளட்ச்சைப் பட்டென்று விட்டாலும் பின் சக்கரம் நழுவும். மெதுவாக விடுவோம்.

மொட்டை டயரில் மழைக்காலம் ஓட்டமாட்டோம். டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். அதற்குள் மாற்றிவிட வேண்டும். பள்ளம்தான் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. பள்ளம் இல்லாவிட்டால் தேங்கிய தண்ணீரில் டயர் படகு மாதிரி மிதக்கும். எங்கள் பின் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. குழு உள்கடனில் மாற்றினோம்.

ரோட்டில் காயும் நெல், வைக்கோல், டிராக்டர் விட்டுப்போன சேறு எல்லாம் மழையில் வழுக்கும். கண்டால் தூரத்திலேயே வேகம் குறைப்போம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். இதைக் கேட்டுவிட்டு யாரும் ரோட்டிலோ, பள்ளிக்கூட மைதானத்திலோ, தானாகவோ முயன்று பார்க்க வேண்டாம். பழக்கிய ஆளும் காலி இடமும் இல்லாமல் இந்தப் பாடம் கிடையாது.

அதன் பிறகு

சாவி அரிசிப் பானையிலிருந்து வெளியே வர இன்னும் ஒரு வாரம் ஆனது. தங்கச்சியின் மாமியார் களத்துக்கு வந்து கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தவர்தான். ஒன்றும் பேசவில்லை. சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார். ஆனால் வண்டியில் மட்டும் இன்று வரை ஏறவில்லை. பரவாயில்லை, பொறுப்போம்.

கார்த்திகையில் ஒரு நாள், நல்ல மழை விட்ட நேரம், மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தோம். வேறொரு வளைவில் டிராக்டர் கொட்டிய செம்மண் சேறு. வால் ஒரு சாண் நகர்ந்தது. தங்கச்சியின் கை அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. வண்டி நேராகப் போனது. பின்னால் இருந்த நாங்கள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்று எங்கள் நோட்டில் விபத்து எழுதவில்லை. சந்தைக் கணக்கு மட்டும் எழுதினோம். இந்த வருடம் தவணை ஒன்றும் தவறவில்லை. எங்களில் இன்னும் இரண்டு பேர் லைசென்ஸ் எடுத்து, அதே களத்தில் அதே பாடம் படித்திருக்கிறார்கள்.

நம் குழு வாழ்க்கையிலும் இதைப் பார்க்கிறோம். ஒரு தவணை தவறினால் பதறிப்போய்க் கந்துவட்டிக்கு ஓடுகிறோமே, அது வால் நழுவும்போது பிரேக்கை ஓங்கி மிதிப்பதுதான். சுற்றிவிடும். காலை எடுத்து, கண்ணைப் போகும் இடத்தில் வைத்து, குழுவிடம் சொன்னால் மீட்டுவிடலாம்.

கூட்டமைப்பிடம் எங்கள் குழு ஒரு கோரிக்கை வைக்கிறது. வண்டிக்குக் கடன் கொடுக்கும்போது லைசென்ஸ், இன்சூரன்ஸ் இரண்டையும் கேட்கிறோம். நல்லது. அதோடு, ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறக்கும் முன்பு, வண்டி ஓட்டும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் ஒரு நாள் ஈரத் தளப் பயிற்சி ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த மழைக்கு முன்பே தொடங்க வேண்டும். களம் தருவதாக மில் உரிமையாளர் சொல்லியிருக்கிறார். சொல்லித் தர ஐயா தயார். தண்ணீர் விட நாங்கள் பன்னிரண்டு பேரும் வருகிறோம்.